அந்தோனி ஜான்சன்

அந்தோனி ஜான்சன் (இறப்பு: 1670) என்பவர் 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்க வேளாளர் ஆவார். அடிமைப் பணியாளாகக் கொண்டுவரப்பட்ட இவர், பின்னர் விடுதலை பெற்று நில உடைமையாளரானார். அமெரிக்காவில் அடிமைமுறை எவ்வாறு படிப்படியாகச் சட்ட வடிவம் பெற்றது என்பதை அறிய இவரது வாழ்க்கை முக்கியச் சான்றாக விளங்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டதாக ஆவணங்களில் காணப்படும் முதல் நிகழ்வு 1619இல் நடைபெற்றது. அப்போது அங்கு அடிமைமுறையை வரையறுக்கும் சட்டம் ஏதும் இல்லை. தோட்ட வேலைகளைப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒப்பந்தப் பணியாளர்களே செய்தனர். இவர்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்தபின் விடுதலை பெற்றனர். ஆப்பிரிக்கர்களின் நிலை தெளிவற்றதாக இருந்தது. சிலர் விடுதலை பெற்றனர், பலர் பெறவில்லை.

வாழ்க்கை

ஜான்சன் அங்கோலாவைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறார். இவர் 1621இல் ஜேம்ஸ் என்னும் கப்பலில் வர்ஜீனியா வந்தார். அன்றைய ஆவணங்களில் இவரது பெயர் அந்தோனியோ என்று உள்ளது. இவர் பெனட் குடும்பத்தாரின் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். 1622 மார்ச் 22 அன்று பவ்ஹாட்டன் பழங்குடியினர் நடத்திய தாக்குதலில் குடியேறிகள் 347 பேர் கொல்லப்பட்டனர். பெனட் தோட்டத்தில் உயிர் தப்பிய மிகச் சிலருள் இவரும் ஒருவர். அதே ஆண்டு அத்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட மேரி என்னும் ஆப்பிரிக்கப் பெண்ணை இவர் பின்னர் மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தனர்.

1635க்குப் பின் விடுதலை பெற்ற இவர், அந்தோனி ஜான்சன் என்ற பெயரை ஏற்றார். ஒருவரை வர்ஜீனியாவுக்கு அழைத்துவரும் செலவை ஏற்பவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் வழங்கும் முறை அப்போது நடப்பில் இருந்தது. இம்முறையில் ஐந்து பேருக்காக 1651இல் ஜான்சன் 250 ஏக்கர் பெற்றார். 1653இல் இவரது பண்ணை தீக்கிரையானபோது, நீதிமன்றம் மேரிக்கும் இரு மகள்களுக்கும் வாழ்நாள் முழுவதும் வரிவிலக்கு அளித்தது. ஆங்கிலேயப் பெண்களுக்கு இல்லாத தலைவரி, 1643 முதல் ஆப்பிரிக்கப் பெண்கள் மீது விதிக்கப்பட்டிருந்தது. எனவே இவ்விலக்கு அவர்களை ஆங்கிலேயப் பெண்களுக்கு இணையாக்கியது.

ஜான் காசர் வழக்கு

ஜான்சனிடம் வேலை செய்த ஜான் காசர் என்னும் ஆப்பிரிக்கர், தாம் ஒப்பந்தப் பணியாளே என்றும், ஒப்பந்தக் காலம் முடிந்தும் தம்மை விடவில்லை என்றும் முறையிட்டார். அண்டைப் பண்ணையாளரான ராபர்ட் பார்க்கர் அவருக்குத் துணை நின்றார். குடும்பத்தாரின் வற்புறுத்தலால் காசரை முதலில் விடுவித்த ஜான்சன், பின்னர் பார்க்கர் மீது வழக்குத் தொடுத்தார். 1655இல் நீதிமன்றம் காசரை ஜான்சனிடமே திருப்பி அனுப்ப ஆணையிட்டது. குற்றம் ஏதும் செய்யாத ஒருவர் வாழ்நாள் முழுவதும் மற்றொருவருக்கு உடைமையாவார் என ஏற்ற தொடக்ககாலத் தீர்ப்புகளுள் இது ஒன்றாகும்.

இதனைக் கொண்டு அமெரிக்காவின் முதல் அடிமை உடைமையாளர் ஜான்சன் எனச் சிலர் கூறுவர். இக்கூற்று சரியன்று. இதற்கு முன்னரே வெள்ளையர் பலர் ஆப்பிரிக்கர்களை வாழ்நாள் பணியாளராக வைத்திருந்தனர். 1640இல் தப்பியோடிய ஜான் பஞ்ச் என்னும் ஆப்பிரிக்கருக்கு வாழ்நாள் அடிமைப்பணி தண்டனையாக விதிக்கப்பட்டது. அவருடன் ஓடிய ஐரோப்பியர் இருவருக்குப் பணிக்காலம் சில ஆண்டுகளே நீட்டிக்கப்பட்டது.

இறுதிக்காலமும் பின்விளைவும்

1660களில் ஜான்சன் குடும்பத்துடன் மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்து, அங்கு 300 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். காசரும் உடன் சென்றார். 1670இல் ஜான்சன் இறந்தார். அதே ஆண்டு வர்ஜீனியாவில் கூடிய நடுவர் குழு, ஜான்சன் கறுப்பர் என்பதால் அந்நியரே என்று முடிவு செய்தது. இதனால் மகன் ரிச்சர்டுக்கு அவர் விட்டுச்சென்றிருந்த 50 ஏக்கர் நிலம் வெள்ளையர் ஒருவர் கைக்குச் சென்றது. காசரை அவரது உடைமையாக ஏற்ற அதே குடியேற்றத்தின் சட்டம், அவரது நில உரிமையை நிறத்தைக் காட்டி மறுத்தது.

இதற்கிடையே தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமையே என்னும் சட்டம் 1662இலும், திருமுழுக்குப் பெற்றாலும் அடிமைக்கு விடுதலை இல்லை என்னும் சட்டம் 1667இலும் இயற்றப்பட்டன. 1705இல் அடிமைச் சட்டங்கள் ஒரே தொகுப்பாக்கப்பட்டன. 1677இல் ஜான்சனின் பேரன் மேரிலாந்தில் 44 ஏக்கர் நிலம் வாங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் அங்கோலா.