சும்மா பேசுற மாதிரி ஒரு குரல்: தென்கச்சி கோ. சுவாமிநாதன்

வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாகிட்ட தென்கச்சி என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப் பாருங்க. ரேடியோ கேட்டு வளர்ந்தவங்களா இருந்தா, அடுத்த நொடியே 'இன்று ஒரு தகவல்' என்பாங்க. கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

தென்கச்சி என்பது ஊர். அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப் பெருமாள் நத்தம். அந்த ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர் கோ. சுவாமிநாதன். படித்தது வேளாண்மை. நம்மை மாதிரியே ஒரு தொழிற்படிப்பை முடிச்சுட்டு மைக் முன்னால போய் உட்கார்ந்தவர். 1977-ல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் சேர்ந்தார். 1984-ல் சென்னை நிலையத்துக்கு வந்தார்.

வானொலியில் அவருக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் விவசாய நிகழ்ச்சிகள்தான். அது லேசான வேலை என்று நினைச்சுடாதீங்க. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் பரவியபோது, திருச்சி வானொலி மூலமா அதைத் தெரிஞ்சுகிட்ட விவசாயிகள் அதுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வச்சாங்க. ரேடியோவில் சொன்னதை நம்பி வயலில் இறங்குற ஜனம் அது. நம்ம சிங்காரப்பேட்டைப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருத்தரை நினைச்சுக்கோங்க. காலையில் மருந்தின் அளவைக் கேட்டு, சாயங்காலம் டேங்கில் கலக்கிடுவார். லிட்டருக்கு 2 மில்லி என்பதை அறிவிப்பாளர் 20 மில்லி என்று சொல்லிட்டா, மறுநாள் திருத்தம் வாசிக்கிறதுக்குள்ள பூவெல்லாம் கருகியிருக்கும். அந்த மாதிரி பொறுப்புள்ள இடத்திலிருந்து வந்தவர்தான் சுவாமிநாதன்.

அவரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தது 'இன்று ஒரு தகவல்'. காலை நேரத்தில் சில நிமிடம்தான். ஒரு விஷயத்தை எடுப்பார்; அது அறிவியலா இருக்கலாம், உடம்பைப் பற்றி இருக்கலாம், குடும்பத்துச் சண்டையாகவும் இருக்கலாம். அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுற மாதிரி விளக்குவார். கடைசியில் ஒரு குட்டிக் கதை. கேட்கிறவங்க சிரிப்பாங்க, அவர் குரலில் மட்டும் சிரிப்பே இருக்காது.

இது 14 வருஷம் ஓடியது. கொஞ்சம் கணக்குப் போடுங்க. தினம் ஒன்று என்று வச்சா, ஐயாயிரத்தைத் தாண்டும். ஐயாயிரம் விஷயம், அதுக்குப் பொருந்துற ஐயாயிரம் கதை. நேத்து சொன்னதை இன்னைக்குத் திரும்பச் சொன்னா கேட்கிறவங்க கண்டுபிடிச்சுடுவாங்க. பேச்சுத் திறமை மட்டும் இருந்தா, ஒரு மாசம் ஓட்டலாம். அதுக்கு மேல ஓடணும்னா தேடணும், படிக்கணும், குறிச்சு வைக்கணும்.

தேடிப் பிடிச்சதை எல்லாம் சொல்லவும் முடியாது. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல் போகும். அப்படின்னா அஞ்சு நிமிஷத்துக்கு 500 சொல், அதாவது நீங்க இப்போ படிக்கிற இந்தக் கட்டுரை அளவுதான். புத்தகத்தில் புரியாத வரியைத் திரும்பப் படிக்கலாம்; ரேடியோவில் போன வரி போனதுதான். அதனால ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே புரியணும். எதை விடுறது என்று முடிவு பண்றதுலதான் பாதி வேலை. அவர் சும்மா பேசுற மாதிரி நமக்குக் கேட்டதே, இந்த வேலையெல்லாம் மைக்குக்கு முன்னாலேயே முடிஞ்சிருந்ததாலதான்.

2002-ல் உதவி நிலைய இயக்குநராக ஓய்வு பெற்றார். 2009 செப்டம்பர் 16 அன்று காலமானார். அவர் பேசியவை பல பாகங்களாகப் புத்தகமாவும் வந்திருக்கு. கல்லூரி நூலகத்தில் இல்லைன்னா, உங்க ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்க.

அடுத்த சிம்போசியத்தில் தொகுத்து வழங்கப் போறவங்க, பாட்காஸ்ட் ஆரம்பிக்கணும்னு ஆசையா இருக்கிறவங்க, கொஞ்சம் கவனிங்க. ஓசூர்ப் பக்கம் ரேடியோவைத் திருப்பினா தமிழும் கன்னடமும் அடுத்தடுத்து வருது. தடுமாறுற குரலைக் கேட்டுட்டு யாரும் காத்திருக்க மாட்டாங்க, விரல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிடும். சிறப்பு விருந்தினர் பெயரை மேடையில் ஏறின பிறகு பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட கேட்காதீங்க. முந்தின நாளே இனிஷியலோட எழுதி, உச்சரிப்பைக் கேட்டு வச்சுக்கோங்க. சொல்லப் போற எண்ணை இன்னொரு இடத்திலும் சரிபாருங்க. எழுதினதைப் போன் ஸ்டாப்வாட்ச் வச்சு, வாய்விட்டு ஒரு தடவை படிங்க. நாக்கு எங்கே தடுக்குதோ அந்த வாக்கியத்தை ரெண்டா உடைங்க. நேரம் மிஞ்சினா ஒரு குட்டிக் கதையும் கையில் வச்சுக்கோங்க. ஆனா அதைச் சொல்லும்போது நீங்க சிரிச்சுடாதீங்க.