இருளுக்கு அணையிட்ட சார்லஸ் மெர்ஸ்

1996 ஆகஸ்ட் 3. ஒரு மின்தடத்தில் நேர்ந்த பழுது பரவி, நெகிரி செம்பிலான் உட்படப் பல மாநிலங்கள் இருளில் மூழ்கின. பகாவ் பக்கம் எங்கள் தோட்டத்து லயங்களில் மெழுகுவத்தி ஏற்றிய கதையை அம்மா இன்றும் சொல்வார். பழுது பரவாமல் தடுக்க 1904-இலேயே ஒரு வழி கண்டவர் சார்லஸ் மெர்ஸ்.

இவர் 1874-இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் பிறந்தார். நியூகாசல் வட்டாரத்து மின்நிலையங்களை ஒரே வலையாக இணைத்தார். இணைப்பு பலம்தான், ஆனால் ஓரிடத்துக் கோளாறு எல்லாரையும் இழுத்துவிடுமே! பெர்னார்ட் பிரைசுடன் சேர்ந்து இதற்கு விடை கண்டார். கொட்டகையில் அளந்த பால் ஆலையில் குறைந்தால், வழியில் சிந்தியது என்போமல்லவா? அதுபோல், ஒரு முனையில் நுழையும் மின்னோட்டமும் மறுமுனையில் வெளியேறுவதும் ஒப்பிடப்படும். வேறுபட்டால் பழுது இடையில்தான். அந்தத் துண்டு மட்டும் இருபுறமும் உடனே துண்டிக்கப்படும். மற்ற ஊர்களில் விளக்கெரியும்.

பிரிட்டனின் தேசிய மின்வலை உருவாகவும் இவர் ஆலோசனை துணைநின்றது. 1940 அக்டோபரில் லண்டன் வீட்டின்மேல் விழுந்த குண்டு இவரையும் இரு பிள்ளைகளையும் பலிகொண்டது.

இவர் முறை இன்றும் மின்நிலையங்களில் காவல் நிற்கிறது. ஆனால் பழுதைப் பிரித்த பின்னும், அதன் சுமை மற்றவற்றின்மேல் விழும். அதைத் தாங்கவைப்பது, மின்னியல் பயிலும் நம் தலைமுறையின் வேலை.