நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள்



மெஷின் டிராயிங், வொர்க்‌ஷாப் என்று ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு நாடகம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு நடிப்பென்றால் உயிர். நம்ம பக்கம் பாரதக் கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்துவிடுவேன். நடிப்பை ஒரு படிப்பாகவே படிக்க முடியுமா என்று தேடியபோது கிடைத்தவர்தான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். அந்த வேலையை விட்டுவிட்டு 24 வயதில் நாடகத்தில் சேர்ந்தார். (நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் என்ன நடக்கும்!) எமன், இரணியன், சனீஸ்வரன் எல்லாம் அவர் போட்ட வேஷங்கள். ஒருநாள் விடியற்காலையில், சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனவரைப் பார்த்து ஒரு பெண் பயந்தே இறந்துபோனாள் என்று சொல்கிறார்கள். அதோடு வேஷம் கட்டுவதை நிறுத்தி வாத்தியாரானார்.

அந்தக் காலத்துப் பெரிய நடிகர்கள் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை தொடங்கினார். எஸ்.ஜி.கிட்டப்பா அதில் தேறி வந்தவர்தான். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே சாப்பிட்டு, தூங்கி, பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களுக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில், பாட்டும் வசனமுமாக, எழுதி முடித்தாராம்! நமக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு முடிக்கவே ஒரு வாரம் ஆகுது.

ஆனால் ஒன்று மனசை உறுத்துகிறது. அந்தச் சபையில் சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு வயது 6. எங்க அப்பாவையும் அப்படித்தான் அஞ்சாவதோடு நிறுத்தித் தறியில் உட்கார வைத்தார்கள். கோர்வைப் புடவைக்குக் கரைப் பக்கம் நாடா தள்ள ஒரு பையன் வேண்டுமே! அப்பா நல்ல நெசவாளி ஆனார். சண்முகம் பெரிய நடிகர் ஆனார். ரெண்டு பேரையும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள், டிப்ளமோ என்று நானே சொன்னேன்.

கடைசியில் பக்கவாதம் வந்து சுவாமிகளின் கையும் காலும் பேச்சும் போயின. 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் இறந்தார். கல்யாணமே செய்துகொள்ளாதவர். பின்னாளில் அதே ஊரின் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் நாடகப் பள்ளி வந்தது. அங்கே முதுகலையில் நாடகம் படிக்கலாம். ஆனால் முதலில் ஒரு டிகிரி வேண்டும், நம்ம டிப்ளமோ மட்டும் போதாது. அதாவது இன்னும் சில வருஷம் அப்பா தறியில் உட்கார வேண்டும்.

வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை. மலர் கைக்கு வந்ததும் அப்பா எழுத்துக்கூட்டியாவது படிச்சுடுவார். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.