உடுவில் வாழ்ந்த லெவி ஸ்போல்டிங்

மருதனார்மடத்துக்கு அருகே உள்ள உடுவில் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள மகளிர் கல்லூரிதான். 1824ஆம் ஆண்டு அதனை ஒரு விடுதிப் பாடசாலையாகத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் பெயரை மாணவியர் பலர் அறிவர். அவருக்குப் பின் அவ்வூரிலேயே தங்கி, நாற்பது ஆண்டுகள் தமிழோடு மல்லுக்கட்டிய லெவி ஸ்போல்டிங் பாதிரியாரை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை.

அவர் 1791இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியிலும் அன்டோவர் இறையியல் கல்லூரியிலும் படித்தார். 1819 ஜூன் மாதம் மனைவி மேரியுடன் பொஸ்ரன் துறைமுகத்தில் கப்பலேறினார். வின்ஸ்லோ தம்பதியரும் வைத்தியர் ஜோன் ஸ்கடரும் அதே கப்பலில் வந்தவர்களே. அப்போதைய ஆங்கிலேய ஆளுநர் பார்ன்ஸ், இவர்களுக்குப் பின் வேறு அமெரிக்க மிசனரிமார் வருவதைத் தடுத்துவிட்டார். 1833 வரை அந்தத் தடை நீடித்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக நோயில் விழ, மிஞ்சியவர்கள் மேல் சுமை ஏறியது. 1833 ஜனவரியில் ஹரியற் அம்மையார் முப்பத்தாறு வயதில் காலமானார். பெற்றோர் எத்தனையோ தயக்கத்தோடு அனுப்பிய பெண்பிள்ளைகள் விடுதியில் இருந்தார்கள். பாடசாலை அத்தோடு கலைந்திருக்கலாம். ஸ்போல்டிங் குடும்பம் உடுவிலுக்கு மாறி வந்தது. மேரி அம்மையார் பாடசாலையை ஏற்றார். 1840இல் எலைசா அக்னியூ அம்மையார் வந்து சேரும் வரை அது அவர் தோளிலேயே இருந்தது.

ஸ்போல்டிங்கின் கை எழுத்து வேலையில் இருந்தது. ஜோசப் நைட் என்பவரோடு அவர் பெயர் சேர்ந்த ஆங்கில-தமிழ் அகராதி 1844இல் வெளிவந்தது. ஞானப்பாட்டுக்களும் இயற்றினார். ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்ச பிரயாணக் கதையையும் தமிழாக்கினார். இக்கதை வானவரைப் பற்றிச் சொல்லும் விதம் சற்று வியப்பானது.

பனியன் அவர்களை ஒளிவீசுவோர் என்றுதான் பெரும்பாலும் அழைக்கிறார். முதுகில் பாவ மூட்டையோடு நடக்கும் பயணி சிலுவையடிக்கு வருகிறான். மூட்டை தானாகக் கழன்று உருண்டுபோகிறது. அதன் பிறகே ஒளிவீசுவோர் மூவர் வந்து புது உடை தருகிறார்கள், நெற்றியில் அடையாளம் இடுகிறார்கள், முத்திரையிட்ட சுருளைக் கையில் கொடுக்கிறார்கள். சுமையை இறக்கியது அவர்கள் அல்ல. வானவர் பணியாளர், வணங்கத்தக்கவர் அல்லர் என்ற புரட்டஸ்தாந்துக் கொள்கை முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. இன்னோரிடத்தில், வெள்ளை அங்கி போர்த்த ஒரு முகத்துதிக்காரன் பயணிகளை வலையில் சிக்கவைக்கிறான். விடுவிக்க வரும் ஒளிவீசுவோன் கையில் இருப்பது சவுக்கு! முதலில் வலையை அறுத்து விடுவிக்கிறான்; பிறகு வழிதவறியதற்காக அடியும் போடுகிறான். வெள்ளை உடுத்தவரெல்லாம் வானவர் அல்லர் என்பதைக் குழந்தைக்கும் விளங்கச் சொல்லும் இடம் இது.

கடைசியில் மரண ஆறு வருகிறது. பாலமில்லை. கூட வருமாறு பயணிகள் வானவரைக் கேட்கிறார்கள்; வருவோம், ஆனால் அக்கரை சேர்வது உங்கள் சொந்த விசுவாசத்தால்தான் என்று பதில் கிடைக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறு ஆறறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இந்த இடத்தை எப்படிக் கற்பனை செய்திருப்பார்களோ!

இவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது? இது ஸ்போல்டிங்குக்கு மட்டுமல்ல, தமிழில் எழுதிய எல்லாச் சமயத்தாருக்கும் வந்த சங்கடம். தேவர் என்றால் சைவர் வணங்கும் தெய்வங்கள் ஆகிவிடும். கத்தோலிக்கர் சம்மனசு என்றனர். புரட்டஸ்தாந்தர் தேவதூதர் என்றனர். நம் உமறுப்புலவரோ சீறாப்புராணத்தில் மலக்குகளை வானவர், அமரர் என்றே தயங்காமல் பாடினார். தூதர் என்றால் நமக்கு ரசூல். கிறிஸ்தவ நூலைப் புரட்டும் நம் பிள்ளை தேவதூதன் என்ற சொல்லில் ஒரு கணம் தடுமாறத்தான் செய்யும். ஆயினும் எபிரேயத்தில் மலாக், அரபியில் மலக்: இரண்டும் ஒரே குடும்பச் சொற்கள். கிரேக்கத்தில் அங்கெலொஸ் என்பதற்கும் செய்தி கொண்டுவருபவர் என்றுதான் பொருள்.

வேறுபாடும் உண்டு. சாத்தான் வீழ்ந்த வானவன் என்பது கிறிஸ்தவ மரபு. இப்லீஸ் ஜின் இனத்தவன் என்கிறது சூரத்துல் கஹ்ஃப். இப்றாஹீம் நபியின் விருந்தினர் உணவைத் தொடவில்லை என்று குர்ஆன் கூறும். ஆதியாகமத்தில் அவர்கள் உண்டார்கள். கவிஞர் மில்ற்றன் ஒருபடி மேலே போய், ஆதமின் வீட்டில் றபாயேல் என்ற வானவரை உண்மையான பசியோடே சாப்பிட வைத்துவிட்டார்.

ஸ்போல்டிங்கின் காலத்தை வெறும் புகழாகச் சொல்லிவிட முடியாது. மிசனரிமார் பரப்பிய துண்டுப்பிரசுரங்கள் சைவ மக்களின் மனத்தைப் புண்படுத்தின. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை எழுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றவர் வணங்குவதை இகழாமலே தம் நூலை எழுதியிருக்கலாமே என்று இன்று படிக்கும்போது தோன்றுகிறது. எனினும், கடல் கடந்து வந்த ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த மண்ணில் தமிழ்ச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை.

1873இல் உடுவிலிலேயே அவர் கண்மூடினார். மேரி அம்மையார் அடுத்த ஆண்டு காலமானார். பாடசாலையை அப்போது அக்னியூ அம்மையார் நடத்திக்கொண்டிருந்தார்.