சார்லஸ் கெட்டரிங்

சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங் (ஆகஸ்ட் 29, 1876 – நவம்பர் 25, 1958) அமெரிக்காவைச் சேர்ந்த பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கார் எந்திரத்தைக் கையால் சுழற்றிக் கிளப்பும் ஆபத்தான வேலையை இல்லாமற் செய்த மின் தொடக்கியை உருவாக்கியவர் என்ற வகையில் பெரிதும் அறியப்படுகிறார். 180க்கும் மேற்பட்ட காப்புரிமங்களைப் பெற்றவர்.

இளமை

ஒகையோ மாநிலத்தில் லவுடன்வில் என்னும் ஊருக்கு அருகே வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். கண்பார்வைக் கோளாறால் கல்லூரிப் படிப்பு தடைப்பட்டபோது தொலைபேசிக் கம்பி அமைக்கும் குழுவில் வேலை செய்தார். 1904இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியற் பட்டம் பெற்று, டேட்டன் நகரிலிருந்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளில் பயன்படும் பணப்பதிவு எந்திரத்தை மின்னோடியால் இயங்கச் செய்தது அங்கு அவர் செய்த முக்கியப் பணியாகும். 1909இல் எட்வர்டு டீட்ஸுடன் இணைந்து டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

கைப்பிடியும் பின்னுதையும்

அக்காலக் கார்களின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கிராங்க் தண்டைச் சுழற்றியே எந்திரத்தைக் கிளப்பினர். தீப்பொறியைத் தாமதப்படுத்தும் நெம்புகோலை ஓட்டுநர் நகர்த்த மறந்தால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே எரிபொருட் கலவை தீப்பற்றி, எந்திரம் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடியும் அதனுடன் திரும்பிக் கையைத் தாக்கும். ஆரை எலும்பின் நுனியில் ஏற்படும் ஒருவகை முறிவை மருத்துவ நூல்கள் இன்றும் காரோட்டி முறிவு என்றே குறிக்கின்றன.

கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரைக் கிளப்ப முயன்று, கைப்பிடி தாடையில் அடித்ததால் பின்னர் இறந்தார் என்றும், அதனால் மனம் வருந்திய காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட் கெட்டரிங்கை நாடினார் என்றும் கூறப்படுவதுண்டு. கார்ட்டர் 1908இல் இறந்தார்; கதையின் விவரங்கள் நூலுக்கு நூல் மாறுபடுவதால் வரலாற்றாசிரியர் சிலர் இதனை ஐயுறுகின்றனர்.

மின் தொடக்கி

எந்திரத்தைச் சுழற்ற மிகப் பெரிய மின்னோடி தேவைப்படும் என்பதே அன்றைய பொறியாளர் கருத்து. பணப்பதிவு எந்திரத்தில் பெற்ற பட்டறிவு கெட்டரிங்கிற்கு இங்கே உதவியது. சில நொடிகள் மட்டும் வேலை செய்யும் சிறிய மின்னோடி, அதன் இயல்பான அளவை மீறிய சுமையையும் சூடாகிக் கெடாமல் தாங்கும். எந்திரம் ஓடத் தொடங்கியதும் அதே மின்னோடி மின்னாக்கியாக மாறி மின்கலத்தில் மின்னேற்றும். 1911இல் காடிலாக் காரில் பொருத்திக் காட்டப்பட்ட இவ்வமைப்பு, 1912ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் விற்பனைக்கு வந்தது. காப்புரிமம் 1915இல் கிடைத்தது.

கைப்பிடி உடனே மறைந்துவிடவில்லை. இந்தியாவில் பழைய அம்பாசடர் கார்களிலும் கைப்பிடி செருகும் வசதி இருந்தது. கடலூர், சிதம்பரம் வட்டார நெல்வயல்களில் நீரிறைக்கும் டீசல் எந்திரங்களையும் ஹேண்டில் போட்டே கிளப்புவர். அழுத்தத்தைத் திறந்துவிடும் நெம்புகோலைத் தூக்கி, எந்திரம் வேகம் பிடித்தபின் அதனை விடுவது முறை. கைப்பிடியைப் பற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால் பின்னுதையில் கட்டைவிரல் சிக்கும். கீழ்நோக்கி அழுத்துவதைவிட மேல்நோக்கி இழுப்பதே நன்று.

மின் தொடக்கி உள்ள கார்களிலும் வால்வு இடைவெளி பார்ப்பது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு எந்திரத்தைக் கையால் திருப்ப வேண்டியுள்ளது. அப்போது கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடையைப் போட்டு, மின்கல இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை அகற்றினால் அழுத்தம் இராது, எளிதில் திரும்பும். கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்தி, எந்திரம் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே திருப்புவர். ஸ்பானரை எடுக்க மறந்து எந்திரத்தைக் கிளப்பினால் அது பறந்து வந்து தாக்கும்.

பிற்காலம்

கெட்டரிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்தார். அவரது மேற்பார்வையில் தாமஸ் மிஜ்லி 1921இல் ஈயம் கலந்த பெட்ரோலைக் கண்டறிந்தார். எந்திரத்தின் தட்டொலியை இது நிறுத்தியது. ஆயினும் 1924இல் அதன் தயாரிப்பில் ஈடுபட்ட தொழிலாளர் சிலர் ஈய நச்சினால் இறந்தனர். கைகளைக் காத்தவரின் ஆய்வகத்திலிருந்தே இந்நச்சும் பரவியது என்பது மறைக்கத்தக்கதன்று. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. உலகின் இறுதி விற்பனை 2021இல் அல்ஜீரியாவில் நின்றது.

1945இல் ஆல்பிரட் ஸ்லோனுடன் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆய்வு நிலையம் அமையக் காரணமானார். டேட்டனை அடுத்த கெட்டரிங் நகரம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.