கிரீந்திரசேகர் போசு

கிரீந்திரசேகர் போசு (சனவரி 30, 1887 – சூன் 3, 1953) வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலாளரும் ஆவார். இந்தியாவின் முதல் உளப்பகுப்பாய்வாளராக இவர் அறியப்படுகிறார். 1922 ஆம் ஆண்டு கொல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தோற்றுவித்து, இறக்கும்வரை அதன் தலைவராக விளங்கினார். சிகிச்சை அமர்வின்போது நோயாளியின் உள்ளத்தில் எழும் சினம், அச்சம், வெட்கம், பற்று ஆகிய உணர்ச்சிகளைக் கையாளுவதில் சிக்மண்ட் பிராய்டிடமிருந்து வேறுபட்ட ஒரு முறையை உருவாக்கினார். பிராய்டுடன் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தும் இருவரும் நேரில் சந்தித்ததில்லை.

இளமையும் கல்வியும்

போசு இன்றைய பீகார் மாநிலத்தில் உள்ள தர்பங்காவில் பிறந்தார். தந்தை சந்திரசேகர் போசு, தர்பங்கா மகாராசாவின் சமீனில் திவானாகப் பணியாற்றியவர். ஒன்பது பிள்ளைகளுள் கிரீந்திரசேகர் கடைக்குட்டி. அண்ணன்மாருள் ஒருவரான இராசசேகர் போசு, பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர்; வங்காள மொழிக்கு அகராதி தொகுத்தவரும் அவரே.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் பின்னர் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1910 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே மாய வித்தைகளிலும் அறிதுயிலிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். மருத்துவத் தொழிலைத் தொடங்கியபின் அறிதுயிலை மனநோயாளிகளுக்கும் பயன்படுத்திப் பார்த்தார். பிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்காத காலம் அது. ஆகவே, இதழ்களில் வந்த கட்டுரைகளின் வழியாகவே உளப்பகுப்பாய்வு பற்றி முதலில் அறிந்துகொண்டார். தமக்கு முறையாக இக்கலையைக் கற்பிக்க ஒருவரும் இன்றித் தாமே பயின்று, பிறகு பிறருக்குக் கற்பித்தார் என்பதை இவரது முறையின் நிறை குறைகளை எடைபோடும்போது நினைவில் கொள்ளவேண்டும்.

கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பட்டதும், நல்ல வருமானம் தரும் மருத்துவத் தொழிலில் இருந்துகொண்டே அங்கே மாணவராகச் சேர்ந்தார். 1917 இல் முதுகலைப் பட்டம் பெற்று அத்துறையிலேயே விரிவுரையாளரானார். 1921 இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். விருப்பங்கள் உள்ளத்தில் ஒடுக்கப்படுவது எவ்வாறு என்பதே அவரது ஆய்வுப்பொருள். நூலாக வெளிவந்த அவ்வாய்வேட்டின் படியொன்றைப் பிராய்டுக்கு அனுப்பினார். அவ்வளவு தொலைவிலிருந்து அப்படியொரு நூல் வந்தது பிராய்டுக்கு வியப்பளித்தது. கடிதத் தொடர்பு அதிலிருந்து தொடங்கி 1937 வரை நீடித்தது.

சிகிச்சை அமர்வும் உணர்ச்சிகளும்

போசின் பங்களிப்பை விளங்கிக்கொள்ள, உளப்பகுப்பாய்வு அமர்வில் நடப்பது என்ன என்பதை அறிவது பயன்தரும். 1880 முதல் 1882 வரை வியன்னாவில் யோசப் புரோயர் என்னும் மருத்துவர் பெர்த்தா பாப்பென்கைம் என்ற இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். மாலை வேளைகளில் தம் மனத்தில் உள்ளவற்றைச் சொல்லி முடித்ததும் அப்பெண் அமைதியடைந்தார். மருத்துவர் வராத நாட்களில் நிலைகொள்ளாமல் தவித்தார். இம்முறைக்குப் பேச்சு மருத்துவம் என்று பெயரிட்டவரும் அவரே.

பின்னர் பிராய்டு இதனை வளர்த்தெடுத்தார். நோயாளி வாரத்தில் பல நாட்கள், குறித்த நேரத்தில் வந்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் தணிக்கையின்றிச் சொல்லவேண்டும். சொல்வதற்கு எளிது. நடைமுறையில், அமர்வுக்குக் கிளம்பும்போதே தயக்கம் பற்றிக்கொள்ளும்; நேரம் மறந்துபோகும்; வந்து படுத்தபின் பேச ஒன்றுமே இல்லை என்று தோன்றும். பேசிவிட்ட நாளில் பாரம் இறங்கியது போன்ற ஆறுதல் கிடைப்பதுண்டு. இதையெல்லாம் ஏன் சொன்னோம் என்ற வெட்கம் இரவு முழுதும் வாட்டுவதும் உண்டு. தந்தையிடம் காட்டவேண்டிய சினமும் தாயிடம் எதிர்பார்த்த அன்பும் மருத்துவரின்மேல் திரும்பும். இவற்றை இடையூறு என்று ஒதுக்காமல், சிகிச்சைக்குரிய பொருளே இவைதாம் என்று கொண்டதே பிராய்டின் புதுமை.

எதிர் விருப்பக் கொள்கை

இந்த இடத்தில்தான் போசு தனிவழி சென்றார். ஒவ்வொரு விருப்பமும் தன் எதிர் விருப்பத்தோடு இணைந்தே பிறக்கிறது என்பது அவரது கொள்கை. ஒருவனை அடிக்க விரும்புபவனின் உள்ளத்தில், அறியாமலேயே, அடிபடும் விருப்பமும் இருக்கிறது. அன்பு செலுத்த விரும்புபவனிடம் அன்பு செலுத்தப்பட வேண்டும் என்ற விருப்பம் இருக்கிறது. இவ்விரண்டில் ஒன்று மேலெழும்போது மற்றொன்று நனவிலி மனத்தில் ஒடுங்கிவிடுகிறது. அந்த ஒடுக்கமே நோய்க்குக் காரணம் என்றார்.

சிகிச்சையிலும் இதையே பின்பற்றினார். நோயாளி ஒரு சூழ்நிலையில் தான் செயல் புரிபவனாக இருப்பதைக் கற்பனை செய்யவேண்டும். பிறகு அதே சூழ்நிலையில் செயலுக்கு உள்ளாகிறவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கவேண்டும். சிறுவர் விளையாடும் சீசாப் பலகை ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் தாழ்வதைப் போல, மனம் இரு நிலைகளுக்கும் இடையே சென்று திரும்பும். தொடக்கத்தில் நோயாளிக்கு எரிச்சலும் எதிர்ப்பும் தோன்றும். தன்னை அவமதித்தவரின் இடத்தில் நின்று பார் என்றால் யாருக்குத்தான் சினம் வராது? திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்த வேகம் தணிந்து, இரு விருப்பங்களும் நனவுக்கு வந்து சமநிலை ஏற்படும் என்று போசு கருதினார்.

பிராய்டின் முறையில் மருத்துவர் பெரும்பாலும் கேட்பவராகவே இருப்பார். போசோ கற்பனையை இப்படி அமைத்துக்கொள் என்று வழிகாட்டினார். அந்த அளவுக்கு அது குரு–சீடர் உறவை ஒத்திருக்கிறது என்று சுதிர் கக்கர் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். நோயாளி மருத்துவரை மகிழ்விப்பதற்காகவே அவர் விரும்பும் உணர்ச்சியை வெளிப்படுத்தக்கூடும் என்னும் ஐயம் இம்முறையின்மீது எழுவது இயல்பே. மறுபுறம், பெரியவரிடம் மனம்விட்டுச் சொன்னால் அவர் ஏதேனும் வழிசொல்வார் என்று எதிர்பார்த்து வரும் நம் நாட்டவரை, மறுமொழியற்ற மௌனம் கைவிடப்பட்டதாகவே உணரச்செய்யும். போசு இதை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

பிராய்டுடன் கருத்து வேறுபாடு

1929 இல் தம் கட்டுரைகளைத் தொகுத்துப் பிராய்டுக்கு அனுப்பிய போசு, தம் இந்திய நோயாளிகளிடம் கண்டவை ஐரோப்பிய நோயாளிகளைப் பற்றிச் சொல்லப்படுபவற்றோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை என்று தெரிவித்தார். பெண்ணாக இருக்கவேண்டும் என்னும் விருப்பம் ஆண் நோயாளிகளிடம் எளிதில் வெளிப்படுவதாகக் குறிப்பிட்டார். தந்தையின்மீதுள்ள அச்சத்துக்கு மகன் அடங்கிப்போவதால் ஈடிபசுச் சிக்கல் தீர்வதில்லை. அவரை எதிர்த்து வெல்வதாலேயே தீர்கிறது என்றும் வாதிட்டார். பிராய்டு ஆர்வத்துடன் படித்தார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. நட்புக்கு இதனால் குறைவு ஏற்படவில்லை. 1931 இல் பிராய்டின் 75 ஆவது பிறந்தநாளுக்காக இந்தியச் சங்கம், பாம்பணையில் வீற்றிருக்கும் திருமாலின் தந்தச் சிலையொன்றை அனுப்பியது. பிராய்டு அதனைத் தம் எழுதுமேசையில் வைத்துக்கொண்டார். இச்சிலை இலண்டனில் உள்ள பிராய்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிறுவனப் பணிகள்

உளப்பகுப்பாய்வுச் சங்கம் கொல்கத்தா, பார்சிபாகன் சந்து, 14 ஆம் எண் கொண்ட போசின் இல்லத்திலேயே நடைபெற்றது. அதே வீட்டில் இராசசேகரின் நண்பர் குழாமும் கூடி அரட்டையிலும் சதுரங்கத்திலும் பொழுது கழிக்கும். எர்னெசுட்டு சோன்சின் உதவியுடன் சங்கம் பன்னாட்டு அமைப்பில் இணைந்தது. இராஞ்சி ஐரோப்பியர் மனநல மருத்துவமனையை நடத்திய ஓவன் பெர்க்லி-இல்லும் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர்.

1933 இல் கொல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் போசு மனநல வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனையொன்றில் அமைந்த இத்தகைய பிரிவு இந்தியாவில் அதுவே முதலாவது. மனநலம் குன்றியவர் என்றாலே காப்பகத்தில் அடைத்து வைப்பது அல்லது கோயில், தர்கா வாசலில் கொண்டுவிடுவது என்றிருந்த காலத்தில், காய்ச்சலுக்கு வருபவரைப் போலவே மனத்துயருக்கும் வந்து காட்டிவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்பது சிறிய மாற்றமன்று. 1940 இல் தில்சலாவில் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1947 இல் சங்கத்தின் ஆய்விதழான சமீக்சா வெளிவந்தது.

வங்கக் கவிஞர் காசி நசுருல் இசுலாம் பேச்சாற்றலை இழந்து நோயுற்றபோது, 1942 இல் லும்பினி பூங்காவில் சில மாதங்கள் போசின் மேற்பார்வையில் இருந்தார். பயன் கிட்டவில்லை. நசுருலுக்கு இருந்தது மூளை சிதைவுறும் பிக் நோய் என்று 1953 இறுதியில் வியன்னா மருத்துவர்கள் முடிவுசெய்தனர். அதற்குச் சில மாதங்கள் முன்னரே போசு காலமாகியிருந்தார்.

எழுத்துகள்

ஆய்வுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் எழுதினாலும் போசு வங்காள மொழியிலும் நிறைய எழுதினார். கனவுகள் பற்றிய சுவப்னா, புராணங்களின் காலவரிசையை ஆராயும் புராணப் பிரவேசம், பகவத் கீதைக்கு எழுதிய விளக்கம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. உளவியல் கலைச்சொற்களை வங்காளத்தில் உருவாக்குவதிலும் ஈடுபட்டார். 1930 இல் வெளிவந்த லால் காலோ என்னும் சிறுவர் நூல், சிவப்பெறும்புகளுக்கும் கறுப்பெறும்புகளுக்கும் இடையே மூண்ட போரைப் பற்றியது.