சுரத்தை உடைத்த அச்சாளர்

இசை இதழுக்கு எழுத்துரு தேர்வது என்றால் தலைப்புக்கு எது எடுப்பு, கட்டுரைக்கு எது கண்ணை உறுத்தாதது என்பதோடு நம் வடிவமைப்பாளர்கள் நின்றுவிடுகிறார்கள். இசைக்குறியீடு வரவேண்டிய இடத்தில் ஒரு மங்கலான படத்தை ஒட்டிவிடுவதே வழக்கமாகிவிட்டது. அத்தகைய பக்கங்களைக் காணும்போதெல்லாம் லைப்சிக் நகரத்து அச்சாளர் யோகான் காட்லோப் இம்மானுவேல் பிரைட்காப் என் நினைவுக்கு வருகிறார்.

அவர் பிறந்த 1719-ஆம் ஆண்டில்தான் அவருடைய தந்தையின் அச்சகமும் தொடங்கிற்று. மகனுக்கோ அத்தொழிலில் நாட்டமில்லை. கல்வியே பெரிது என்றிருந்தார். எழுத்தின் வடிவத்தைக் கணித அளவைகளால் விளக்கிய ஓவியர் ட்யூரரின் நூலைப் படித்த பிறகே அவர் மனம் அச்செழுத்தின் பக்கம் திரும்பியது.

அந்நாளில் இசைக்குறிகளைப் பெரும்பாலும் உலோகத் தகட்டில் செதுக்கினார்கள். தகட்டில் மை பள்ளத்தில் தங்கும். ஈய எழுத்தில் மேட்டில் நிற்கும். ஆகவே இரண்டையும் ஒரே அழுத்தத்தில் பதிக்க இயலாது. இசைக்கான வார்ப்பெழுத்து 16-ஆம் நூற்றாண்டு முதலே உண்டு. ஆனால், ஒரு சுரமும் அதன் பின்னுள்ள கோடுகளும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டதால், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடங்களை அது காட்டத் திணறியது. பிரைட்காப் சுரத்தையே உடைத்தார். தலை, காம்பு, வால், கோட்டுத் துண்டு என ஒவ்வொன்றையும் தனியாக வார்த்து, வேண்டியவாறு கோக்கச் செய்தார். சாக்சனி இளவரசி மரியா அன்டோனியாவின் இசைநாடகம் 1756-ல் இம்முறையில் வெளிவந்தது. பாக்கின் நான்குகுரல் பாடல்களை 1784 முதல் 1787 வரை நான்கு தொகுதிகளாக அவரது அச்சகம் வெளியிட்டது.

அச்சுக்கோப்பவரின் பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வரி இசைக்கே எத்தனை துண்டுகள்! தனி இசைத்தாள்களில் பின்னர் வென்றதும் செதுக்குத் தகடுதான். ஆயினும் இதைத் தோல்வியாகக் கொள்ள எனக்கு மனமில்லை. சொல்லும் சுரமும் ஒரே சட்டகத்தில் அடங்கும் வழியை அவர் செம்மைப்படுத்தினார். இசையைப் பற்றி எழுதுவோருக்கு அதுவே தேவை. நிலப்படங்களையும் சீன எழுத்துகளையும்கூட அச்சுக்கோக்க முயன்ற பிடிவாதக்காரர் அவர். ரோமன் எழுத்து பரவிய காலத்தில் ஜெர்மானியரின் பிராக்டூர் எழுத்தை விடாமல் ஆதரித்ததும் அதே பிடிவாதம்தான். அதில் எனக்கு முழு உடன்பாடில்லை.

1794-ல் அவர் மறைந்தார். அச்சகம் ஹெர்ட்டல் என்பவரின் பொறுப்புக்கு வந்தது. 1798-ல் அங்கிருந்து ரோக்லிட்சை ஆசிரியராகக் கொண்டு ஓர் இசை இதழ் புறப்பட்டது. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி பற்றி ஹாஃப்மன் எழுதிய புகழ்பெற்ற விமர்சனம் 1810-ல் அதில்தான் வெளிவந்தது. வாதம் எந்த இடத்தைச் சுட்டுகிறதோ, அந்த இடத்துச் சுரங்கள் கட்டுரையின் நடுவிலேயே வாசகர் கண்முன் நின்றன.